சண்டையே போடாத தம்பதி

உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகியிருந்தால், அது உண்மையான கல்யாணம்தான் என்று முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் நிரூபித்துக் காட்டுங்கள் பார்ப்போம். பதிவுச் சான்றிதழை நீட்டினால், அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பார். போட்டோவை நீட்டினால், நீட்டுவதற்காகவே எடுத்தது என்பார். "அவள் என் மனைவி ஐயா" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னால், எதற்காக நெஞ்சில் கை வைத்தாய் என்று கேட்பார். வேறு என்ன இருக்கிறது உங்களிடம்? நன்றாக யோசியுங்கள். நான் சொல்லப்போகும் லிஃப்ட் மெக்கானிக்கும் யோசித்தார். யோசித்து, கையிலிருந்த ஒரே நல்ல சாட்சியத்தைத் தன் வாயாலேயே அழித்துவிட்டு வந்தார்.

நாற்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னச் சாவி கிடக்கும். அது வீட்டுச் சாவி இல்லை, பூட்டுச் சாவி. லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், அதன் மேல் சொந்தப் பூட்டைப் போட வேண்டும், சாவியைச் சொந்தப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். "அணைச்சாச்சு, இறங்குங்க" என்று கூடப் பிறந்தவனே சொன்னாலும் இறங்கக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றைக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. அடுத்தவன் வார்த்தையை நம்பி இறங்கிய ஒருவரின் நசுங்கிய கையை அவர் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு அவருக்குச் சந்தேகம் என்பது குணம் இல்லை, தொழில் கருவி. ஸ்குரூ டிரைவர் மாதிரி.

ஆனால் ஸ்குரூ டிரைவரை வேலை முடிந்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். இதை எங்கே வைப்பது? கேஸ் குமிழை மூன்று தடவை பார்ப்பார். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். "பூட்டிடுச்சுங்க. அது உங்ககிட்ட பொய் சொல்லி என்ன சம்பாதிக்கப் போகுது, விடுங்க" என்பாள் மனைவி.

அந்த மனைவியை அவர் கண்டெடுத்ததே லிஃப்டுக்குள்தான். ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. அழுக்குத் துணி வண்டியோடு இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். இவர் மேலேயிருந்து குனிந்து, "அஞ்சே நிமிஷம்மா" என்று குரல் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "அஞ்சே நிமிஷம்". கதவைப் பிளந்து இறக்கிவிட்டபோது அரைமணிக்கு மேல் ஆகியிருந்தது. நன்றி சொல்வாள் என்று நின்றவருக்குக் கிடைத்தது வேறு.

"ஏங்க, முதல்லயே அரைமணி நேரம்னு சொல்லியிருந்தா அந்தத் துணி மூட்டை மேல உக்காந்து நிம்மதியா இருந்திருப்பேன். அஞ்சு நிமிஷம் அஞ்சு நிமிஷம்னு நிக்க வெச்சே கொன்னுட்டீங்களே. எவ்வளவு நேரம்னு உண்மையச் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

அன்றிலிருந்து அவர் உள்ளே மாட்டியவர்களிடம் பொய் சொல்வதில்லை. "அரைமணி ஆகும். நான் இங்கேயே இருக்கேன். உக்காந்துக்குங்க" என்பார். மனிதர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். யாரும் கத்துவதில்லை. காத்திருப்பது ஆளைக் கொல்வதில்லை. எவ்வளவு என்று தெரியாமல் காத்திருப்பதுதான் கொல்லும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அவள் அண்ணன் ஒரு சாட்சி. கிரீஸ் இன்னொரு சாட்சி. கிரீஸ் என்பவர் லிஃப்ட் வேலையில் இவருக்குக் கூட்டாளி. என்ன சோப்புப் போட்டாலும் நகத்திலிருந்து கறுப்பு போகாததால் வந்த பெயர். ஊரைக் கூட்டவில்லை, பந்தல் போடவில்லை. இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது, எதற்கு ஆர்ப்பாட்டம் என்று நினைத்தார்கள். நல்ல முடிவு என்றுதான் நீங்களும் நானும் சொல்வோம். பிற்பாடு அதுவே ஒரு குற்றமாகக் கோப்பில் ஏறும் என்று யார் கண்டது?

மாடியில் இரண்டு சின்ன அறை. கீழ்வீட்டில் தனியாக ஓர் அக்கா. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்பாதித்த காலம் முழுக்கக் காதில் கருவி மாட்டியிருந்த மனுஷி. ஓய்வுக்குப் பிறகு கருவி இல்லாமலே எல்லாம் கேட்டது. மாடியில் சத்தம் கொஞ்சம் கூடினால் போதும், துடைப்பக்கட்டையால் கூரையை டொக் டொக்கென்று இடிப்பார். மாடியில் சத்தத்துக்குக் குறைவே இல்லை. ஈரத் துண்டைக் கட்டில் மேல் போடுவது அவர் வழக்கம். அதைப் பார்த்துச் சாமியாடுவது அவள் வழக்கம். சாதாரண நேரத்தில் 'நீங்க', கோபம் வந்தால் 'நீ'.

"நீ மாட்டுற பூட்டுக்குக் குடுக்கிற மரியாதையில பாதியாச்சும் கட்டிலுக்குக் குடு."

"கட்டில் என்ன கரண்டா அடிக்கப் போகுது?"

"நான் அடிப்பேன்."

கீழேயிருந்து டொக் டொக்.

அப்புறம் அவளுக்கு ஒரு வெளிநாட்டில், முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அவள் முன்னால் போவது, இவர் பின்னால் சேர்ந்துகொள்வது என்று பேச்சு. மனைவி என்ற முறையில் அவள் கூப்பிட, கணவன் என்ற முறையில் இவர் விண்ணப்பித்தார். அந்த நாட்டின் விசா அலுவலகம் இவர் ஊரிலேயே ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்ட், இவர் பராமரிக்கும் லிஃப்ட். கையில் கோப்போடு போனால் காவலாளி தடவிப் பார்த்து உள்ளே விடுவார். கருவிப் பெட்டியோடு போனால் எழுந்து நின்று கதவைத் திறப்பார். ஆள் ஒருவரேதான்.

அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு: பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு ஆறு மாதம் என்று போட்டிருந்தது. ஆறு மாதம் முடியும்போது அந்தக் கட்டத்தில் ஒன்பது என்று இருந்தது. ஒன்பதை நெருங்கியபோது பன்னிரண்டு. இவர் பின்னால் ஓட ஓட அது முன்னால் ஓடியது. விசாரித்தால் ஒரே பதில்: உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. யார் பரிசீலிக்கிறார், எந்த மேசையில் இருக்கிறது, மேசையில்தான் இருக்கிறதா? ஒன்றும் கிடையாது.

"தலைவரே, உங்களுக்கு நேரம் சரியில்ல. கை பாக்கிற ஒருத்தரை எனக்குத் தெரியும், ஒரு தடவை போய்ட்டு வாங்களேன்" என்றார் கிரீஸ், கம்பி வடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே.

"லிஃப்ட் நின்னுபோனா நேரம் சரியில்லைன்னு யாராச்சும் சொல்றாங்களா?"

"இல்ல. நம்மளத்தான் போன் பண்ணித் திட்டுறாங்க."

"அப்ப இதுக்கு மட்டும் ஏன் நான் கையைக் கொண்டுபோய்க் காட்டணும்? இதை ஓட்டுற ஆளு எங்க, அவனோட போன் நம்பர் என்ன?"

கிரீஸ் எண்ணெய் போடுவதை மட்டும் தொடர்ந்தார்.

பொறுக்க முடியாமல், ஒரு மாதம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று பார்வையாளர் விசாவுக்கு எழுதிப் போட்டார். அது மட்டும் விறுவிறுவென்று வந்தது. நிராகரிப்பு. காரணம்: உங்கள் மனைவி அங்கே இருக்கிறார், ஆகவே நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள். படித்ததும் அவருக்கு ஒரு விதத்தில் சந்தோஷம்கூட வந்தது. மனைவி என்று எழுத்திலேயே ஒத்துக்கொண்டுவிட்டார்களே, இனி அந்தப் பெரிய விண்ணப்பத்துக்கு என்ன தடை என்று நினைத்தார். வெள்ளை மனசு.

ஒருவழியாக நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அதற்கு முந்தின நாள் மனைவியின் அண்ணன் வந்து உட்கார்ந்தார். நகல் எடுக்கும் கடை வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேருடைய விண்ணப்பங்கள் அவர் கடையில்தான் தட்டச்சாகும். ஆகவே தன்னைப் பாதி அதிகாரி என்றே நம்பியிருந்தார்.

"மாப்ள, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. குடும்பத்துல சண்டைன்னு மட்டும் வாயத் திறந்துடாதீங்க. சண்டைன்னு சொன்னா பிரிஞ்சிருவாங்கன்னு எழுதிக்குவான். கேட்டா, நாங்க சண்டையே போட்டதில்லன்னு அடிச்சுச் சொல்லுங்க."

"யாரு மச்சான் நம்புவா? உங்க தங்கச்சியப் பத்தி உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா?"

மறுநாள் ஆறாவது மாடி. தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் ஒரு ஒலிபெருக்கி. அதற்குள்ளிருந்து மொழிபெயர்ப்பாளரின் குரல் மேடைத் தமிழில் வந்தது.

"தாங்கள் தங்கள் மனைவியுடன் இறுதியாகச் சண்டையிட்டது எப்போது?"

இவருக்கு மச்சான் சொன்னது நினைவுக்கு வந்தது. "சண்டையா? நாங்க சண்டையே போட்டதில்லைங்க."

"ஒரு முறைகூடவா?"

"ஒரு முறைகூட இல்லைங்க."

அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். கிட்டத்தட்ட அதே நேரத்தில், அந்த நாட்டில், இன்னொரு அதிகாரி இவர் மனைவிக்குப் போன் போட்டு அதே கேள்வியைக் கேட்டார். அவள் சொன்னாள்: "நேத்துதான். வீடியோவுல பேசினப்ப கட்டில் மேல ஈரத் துண்டு கிடந்துச்சு. விடுவேனா?"

முடிவு வரவும் சில மாதங்கள் ஆயின. பொய்யை உடனே கண்டுபிடித்தவர்கள் அதைத் தட்டச்சு செய்ய அத்தனை காலம் எடுத்துக்கொண்டார்கள். கணவர் ஒருபோதும் சண்டையிட்டதில்லை என்கிறார், மனைவி முந்தின நாள் சண்டையிட்டதாகச் சொல்கிறார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகத் தெரியவில்லை. திருமணத்துக்கு விருந்தினர் இல்லை. மனைவி சென்றபின் இத்தனை காலத்தில் கணவர் ஒருமுறைகூடச் சென்று பார்க்கவில்லை. ஆகவே இது உண்மையான திருமணம் என்று திருப்தியடைய இயலவில்லை.

நன்றாகப் பாருங்கள். மனைவி இருப்பதால் போகக் கூடாது என்றது ஒரு ஜன்னல். போய்ப் பார்க்காததால் மனைவியே இல்லை என்றது பக்கத்து ஜன்னல். காக்க வைத்தது அவர்கள்; காத்துக் கிடந்ததற்குத் தண்டனை இவருக்கு. லிஃப்டை நீங்களே நிறுத்திவிட்டு, உள்ளே மாட்டியவனைப் பார்த்து, இத்தனை நேரமாக உனக்கு வீட்டுக்குப் போகவே ஆசையில்லையே, நீ இந்த வீட்டுக்காரன்தானா என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

ஆனால் அவருக்குக் கோபம் அங்கே திரும்பவில்லை. அதுதான் இந்தக் கதையின் கேடு.

"ஆனா மாப்ள," என்றார் மச்சான், அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டு, "அவகிட்டயும் நான் சொல்லியிருந்தேனே. சண்டை இல்லன்னு சொல்லும்மான்னு. தெரிஞ்சேதான் இப்படிச் சொல்லியிருக்கா."

தெரிஞ்சேதான். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பையில் கிடந்த சாவி நெஞ்சுக்குள் போய் ஒரு பூட்டைத் திருப்பியது. சொன்னால் கெடும் என்று தெரிந்தே ஏன் சொன்னாள்? நான் வரக்கூடாது என்றா? இத்தனை காலத்தில் அங்கே ஏதாவது மாறிப்போயிற்றா? இல்லை, இந்த மச்சான்தான் எதையாவது மறைக்கிறாரா? தங்கச்சி தனியாக இருந்தால் இவருக்கு என்ன லாபம்? நினைக்க நினைக்க எல்லா முகத்திலும் ஒரு பின்பக்கம் தெரிய ஆரம்பித்தது.

சொல்லாத நேரத்தில் போன் போட ஆரம்பித்தார். ஒரு நாள் பின்னணியில் ஓர் ஆண் சிரிப்பு.

"யாரது சிரிக்கிறது?"

"இங்க இருக்கிற தாத்தா. தொண்ணூறு வயசு. பல்லு இல்ல. காட்டவா?"

காட்டினாள். பெரியவர் ஒருவர் சக்கர நாற்காலியிலிருந்து கை அசைத்தார். நிம்மதி வர வேண்டுமே, வரவில்லை. கேட்டவுடனே ஏன் காட்டினாள், முன்கூட்டியே தயாராக இருந்தாளா என்று தோன்றியது. இன்னொரு நாள், "ரூமைச் சுத்திக் காட்டு" என்றார். அவள் சுற்றிக் காட்டினாள். ஒற்றைக் கட்டில், பெட்டி, ஜன்னலோரம் துவைத்த சீருடை.

"ஜன்னல்ல ரெண்டு கப்பு இருக்கு."

அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.

"ஒண்ணு குடிக்க. ஒண்ணுல பிரஷ் போட்டிருக்கேன். கிட்டக் கொண்டு வரவா, கழுவிக் காட்டவா? நீயும் அந்தக் கண்ணாடிக்காரன் மாதிரியேதான் கேக்கிறே. அவனுக்காச்சும் அது வேலை."

"நீ ஏன் சண்டை போட்டோம்னு சொன்னே? உங்க அண்ணன் சொல்ல வேணாம்னு சொன்னாருல்ல?"

"அண்ணன்கிட்ட அன்னைக்கே முடியாதுன்னுட்டேன். சண்டை போட்டுட்டு இல்லைங்கிறது எனக்கு வராது. நீ போய் இல்லைன்னு சொல்லுவேன்னு நான் கனவா கண்டேன்? உன்னைப் பார்த்த முதல் நாளே உன்கூடச் சண்டைதானே போட்டேன்? அதையும் இல்லைன்னுட்டியா?"

போன் அணைந்தது. மறுநாள் அவர் போட்டபோது எடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் அவர் போடவில்லை.

மேல்முறையீட்டுக்குக் கெடு ஓடிக்கொண்டிருந்தது. கேட்டீர்களா, நமக்குத்தான் கெடு, அவர்களுக்குக் கிடையாது. கிரீஸ்தான் அவரை இழுத்துக்கொண்டு ஒரு வக்கீலம்மாவிடம் போனார். அந்த அம்மா எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஊர்ல எல்லாரும் சண்டை இல்லைன்னு நிரூபிக்கத்தான் என்கிட்ட வருவாங்க. நீங்க சண்டை போட்டீங்கன்னு நிரூபிக்கணும். பொய் சொன்னதை முதல்ல ஒத்துக்கணும், ஏன் சொன்னீங்கன்னு எழுதணும். அதுக்கு மேல, நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டதைக் காதால கேட்டவங்க யாராச்சும் வேணும். சொந்தக்காரங்க வேண்டாம். நம்ப மாட்டாங்க. யாரு கேட்டிருக்காங்க?"

கிரீஸ் இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார்.

கீழ்வீட்டுக் கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"என்ன தம்பி? இங்க சத்தம் எதுவும் இல்லையே, நான் ஒண்ணும் தட்டலையே."

"அதில்லக்கா. ஒரு உதவி. எங்களுக்குள்ள சண்டை நடந்ததை நீங்க கேட்டிருக்கீங்கல்ல, அதை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

"போலீசா?"

"இல்லக்கா, விசா."

"விசாவுக்குச் சண்டை எதுக்கு? என்னைப் பார்த்தா இளிச்சவாய் மாதிரி இருக்கா? டெலிபோன் ஆபீஸ்ல எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே அதுதான், யாரு எதைக் கேட்டாலும் லைன்ல எதுவும் விழலைன்னு சொல்லிடணும். எழுதிக் குடுத்தா என்னை அந்த நாட்டுக் கோர்ட்டுக்கு இழுப்பான். எனக்கு முழங்கால் வேற சரியில்ல."

"அப்படியெல்லாம் ஆகாதுக்கா."

"ஆகாதுன்னு நீ எழுதிக் குடுப்பியா?" கண் அவரை மேலும் கீழும் பார்த்தது. "அதுவும் துடைப்பக்கட்டை அக்கா எழுதினா யாரு மதிப்பா? நீங்க வெச்ச பேரு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? பேரு வெச்ச அன்னைக்கே காதுல விழுந்துடுச்சு."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. திரும்பிப் போயிருப்பார். அக்கா விடவில்லை, சந்தேகம் வந்தால் முழுசாகக் கேட்டு முடிக்கிற பிறவி.

"சரி, நீங்க உண்மையான புருஷன் பொண்டாட்டின்னு நான் எழுதிக் குடுக்கிறேன்னே வெச்சுக்கோ. அந்தப் பொண்ணு போய் எவ்வளவு காலமாச்சு. அங்க அவ மனசு எப்படி இருக்குன்னு யாரு கண்டா? நாளைக்கு வேற மாதிரி ஆச்சுன்னா நான் பொய்ச் சாட்சி ஆயிடுவேனே. அவ மனசு மாறலைன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடி ஜன்னலில் சொன்னது மாதிரி அடித்துச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"எனக்கும் தெரியலக்கா" என்றார்.

கதவு மூடியது. அவ்வளவுதான் என்று நினைத்தார். உள்ளே சங்கிலி கழற்றும் சத்தம் கேட்டது. கதவு முழுசாகத் திறந்தது.

"உனக்குத் தெரியலையா? எனக்குத் தெரியுதே. உள்ள வா."

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு திட்டுவது போலவே பேசினார்.

"புருஷனைப் பிடிக்காம நடிக்கிறவ ஈரத் துண்டுக்கெல்லாம் தொண்டை கிழியக் கத்த மாட்டா தம்பி. வாய மூடிட்டு வேலையப் பார்ப்பா. எத்தனை குரல் கேட்டிருக்கேன் இந்தக் காதால, பிடிச்சவங்க குரல் எது, பிடிக்காதவங்க குரல் எதுன்னு எனக்குத் தெரியாதா? உங்க சண்டைகூடத் தேவலை. அது முடிஞ்சதும் ரெண்டு பேரும் சிரிப்பீங்க பாரு, அதுதான் தாங்காது. நான் கட்டையால இடிச்சதுல பாதி அதுக்குத்தான். தனியா இருக்கிறவளுக்கு அந்தச் சத்தம் தூக்கத்தைக் கெடுத்துடும்."

அவர் தம்ளரைக் கீழே வைக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

"அவ போனப்புறம் மேல ஒண்ணும் இல்ல. நீ நடக்கிற சத்தம். கதவை மூணு தடவை இழுக்கிற சத்தம். போதுமா?"

அக்கா எழுதினார். பக்கம் திருப்பித் திருப்பி எழுதினார். எழுதி முடித்து, மடித்து, உறையில் போட்டு, ஒட்டினார். ஒட்டிய இடத்தில் குறுக்காகக் கையெழுத்தும் போட்டார்.

"அக்கா, ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டு..."

"அதெல்லாம் கிடையாது. படிச்சா, இதை மாத்துங்க அதை எடுங்கன்னு சொல்லுவ. போன தடவை வாயால கெடுத்தது போதாதா? வக்கீல்கிட்ட அப்படியே குடு. நான் நம்பி எழுதியிருக்கேன், நீ நம்பிக் கொண்டுபோ. முடியாதுன்னா உறைய இங்கயே வெச்சிட்டுப் போ."

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் செய்யாத காரியம் அது. சுவிட்ச் அடுத்தவர் கையில், பூட்டு அடுத்தவருடையது, சாவியும் தன்னிடம் இல்லை, இறங்கு என்கிறார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் கண்டது? இந்த அக்கா கோபத்தில் ஒரு வரி தவறாக எழுதியிருந்தால் கல்யாணமே போய்விடும். தெருவில் நின்று உறையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். அக்கா முன்யோசனையோடு தடித்த உறையாக எடுத்திருந்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நேரே நடந்து போய் வக்கீலம்மா மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

அப்புறம் போன் போட்டார். மூன்றாவது முறை எடுத்தாள்.

"கீழ்வீட்டு அக்கா எழுதிக் குடுத்தாங்க. என்ன எழுதினாங்கன்னு தெரியாது. பார்க்காமலே குடுத்துட்டேன்."

அவள் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள்.

"நீயா?"

"நான்தான்."

"பிரிச்சுப் பார்த்து மறுபடி ஒட்டலையே?"

"இல்ல. வெளிச்சத்துல மட்டும் பிடிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் தெரியல."

அவள் சிரித்தாள். கீழேயிருந்து டொக் டொக்கென்று வருமோ என்று அவருக்கு ஒரு கணம் காது தானாகக் கூர்மையானது. வரவில்லை. அன்றைக்கு அக்கா தட்டவில்லை.

"ரெண்டு கப்புன்னு கேட்டது தப்பு" என்றார்.

"தப்புதாங்க" என்றாள். 'ங்க' திரும்ப வந்திருந்தது. "கட்டில் மேல துண்டு கிடக்கா?"

அவர் திரும்பிப் பார்த்தார். கிடந்தது. ஒத்துக்கொண்டார்.

மேல்முறையீடு அந்த நாட்டில் விசாரணைக்கு வர ஓர் ஆண்டுக்கு மேல் பிடித்தது. மனைவி போய் உட்கார்ந்தாள். விசாரித்தவர் அக்காவின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு, இந்தத் துண்டு விஷயம் என்ன என்று கேட்டாராம். அவள் ஆரம்பித்தாளாம். பாதியில் அவர் கையைக் காட்டி, போதும் அம்மா, எனக்குப் புரிகிறது என்றாராம். தீர்ப்பு இவர்கள் பக்கம்: திருமணம் உண்மையானது, நிராகரித்தது தவறு, விசா அலுவலகம் மறுபடியும் பரிசீலிக்க வேண்டும்.

கதை இங்கே முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்துவிடாதீர்கள். மறுபடியும் பரிசீலிக்க வேண்டியது அதே அலுவலகம். அதே ஆறாவது மாடி. இணையப் பக்கத்தில் அதே கட்டம், அதற்குள் புதிதாக ஒரு பெரிய எண். கேட்டால் அதே வரி: உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. தோற்றவருக்குச் சில வாரக் கெடு கொடுத்தவர்கள், தோற்கடிக்கப்பட்ட தங்களுக்கு ஒரு கெடுவும் வைத்துக்கொள்ளவில்லை. போன வாரம்கூட அவர் அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் பார்க்கப் போனார். அந்த அலுவலகத்து ஊழியர் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார். இவர் மேலேயிருந்து குனிந்து, "இருபது நிமிஷம் ஆகும் சார். நான் இங்கேயே இருக்கேன். உக்காந்துக்குங்க" என்றார். இருபது நிமிடத்தில் இறக்கியும் விட்டார். அந்த ஊழியர் நன்றி சொல்லிவிட்டு மேலே போனார், பரிசீலிக்க.

கூரையை இடிக்கிற கட்டை இப்போது கீழ்வீட்டு மூலையில் சும்மா சாய்ந்து நிற்கிறது. மேலே சண்டை திரும்ப வரட்டும், அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் அக்கா. அவர் மறுபடியும் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருக்கிறார்; பழையது பழையதாகிவிட்டதாம், புதியது வேண்டுமாம்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு மாடியிலோ, கீழேயோ, பக்கத்துச் சுவருக்கு அப்பாலோ இப்படி ஒருவர் ஒற்றைக் காலடிச் சத்தத்தோடு காத்துக்கொண்டிருக்கலாம். அவர் வந்து கதவைத் தட்டினால் சங்கிலியைக் கழற்றுங்கள். நமக்கு ஏன் வம்பு என்று நினைக்காதீர்கள். அவர் வரத் தயங்கினால் நீங்களே மாடியேறிப் போய்க் கேளுங்கள். பிறகு ஒரு தாளை எடுங்கள். கேட்டதைக் கேட்டபடி, சண்டை உட்பட, சிரிப்பு உட்பட எழுதுங்கள். கீழே உங்கள் கையெழுத்தையும் முகவரியையும் போடுங்கள். அதோடு இன்னொரு வரியும் சேர்த்து எழுதுங்கள்: "இவருக்கு இன்னும் எவ்வளவு காலம் ஆகும், உண்மையைச் சொல்லுங்கள்." உறையில் போட்டு ஒட்டி, இன்றைக்கே அனுப்புங்கள்.